இருநூறு லிட்டர்

முர்மான்ஸ்க்கில் டிசம்பர் இரண்டாம் தேதியிலிருந்து
சூரியன் வேலைக்கு வருவதில்லை.
இனி ஜனவரி நடுவில்தான்.
அந்த வாரம்தான் க்ளெப்
பட்டறையில் தானே பற்றவைத்த இரும்புத் தாங்கியைத்
தோளில் போட்டுக்கொண்டு
லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி ஏறி வந்தான்.

ரசமட்டம் வைத்தோம்.
குமிழி சன்னல் பக்கம் ஓடியது.
சாய்ந்த தரையிலா
பதினெட்டு வருடம் நேராக நடந்தோம்?
சுவர்ப்பக்கக் காலுக்கு அடியில்
இரண்டு தகரத் துண்டு.

துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்ப்பவள் நான்.
தண்ணீர், மண், கல், கண்ணாடி, இரும்பு:
முந்நூற்றுச் சொச்சம் கிலோ,
கீழ்வீட்டு ஸினயீதாவின் சாப்பாட்டு மேசைக்கு
நேர் மேலே.

கழுவாதீர்கள் என்று
மண்பையில் எழுதியிருந்தது.
கழுவிவிட்டுத்தான் படித்தேன்.
மண்மேல் சூப் தட்டு ஒன்றை வைத்து
தட்டின்மேல் தண்ணீரை ஊற்றினேன்,
தூங்குகிறவர் அறையில் நடப்பது போல.
கீழே துடைப்பக்கட்டை தட்டியது.
வாளிக்கு ஒரு தட்டு.
பத்தொன்பது வாளி.

மரக்கட்டை மூழ்க மாட்டேன் என்றது.
கல் நிரப்பிய வெள்ளரி ஊறுகாய்ப் புட்டியை
அதன் முதுகில் ஏற்றினோம்.
எங்கள் குழாய்த் தண்ணீர் மெத்தென்றது,
எவ்வளவு அலம்பினாலும் கையில் சோப்பு வழுக்கும்.
ஒரு பிடி கிளிஞ்சலைத்
துணியில் முடிந்து உள்ளே போட்டேன்.

செடிகள் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து தபாலில் வந்தன,
மைனஸ் இருபத்திரண்டில்,
செய்தித்தாளுக்குள் ஒரு சூட்டுப்பையைக் கட்டிக்கொண்டு.
அனுபியாஸைப் புதைத்தால் கிழங்கு அழுகிவிடும்.
க்ளெப்பின் கோட்டுக்குப் பொத்தான் தைத்த நூலால்
கல்லோடு கட்டினேன்.
கிரிப்டோகோரைனைப் புதைக்கலாம்.
புதைத்தேன்.
நான்காம் நாள் அத்தனை இலையும்
ஈர அப்பளமாய்க் கரைந்தது.
பணம் போச்சு என்றான் க்ளெப்.
வேரை நோண்டாதே என்றேன்.
எனக்கும் நிச்சயமில்லை.

தினமும் சோதனைக் குழாயில் ஐந்து சொட்டு.
தினமும் ஊதா.
ஊதா என்றால் நஞ்சு.
நஞ்சைத் தின்னும் உயிர்கள்
கண்ணுக்குத் தெரியாமல் குடியேறும்வரை
மீன் கூடாது.
புத்தாண்டுக்கு வந்த மைத்துனன் ராதிக்
கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தான்:
தண்ணீரையா வளர்க்கிறீர்கள்?
ஆமாம், தண்ணீரைத்தான்.

வாலிஸ்நேரியா இலையில் ஒளிந்து
டிக்கெட் இல்லாமல் ஒரு நத்தை வந்திருந்தது.
கடுகளவு.
அழைக்காத விருந்தாளி,
ஆனாலும் காலையில் முதலில்
அதைத்தான் தேடினேன்.

ஒரு சனிக்கிழமை ஸினயீதாவே மேலே வந்தாள்,
கையில் பென்சில்.
அவள் சீலிங்கில் ஒரு விரிசலாம்.
அதன் நுனியில் கோடு கிழித்துத்
தேதி போட்டு வருகிறாளாம்.
கத்துவதற்கு வாயைத் திறந்தாள்,
மணி மூன்று,
டைமர் டிக்கென்றது,
விளக்கு எரிந்தது.

கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
பாசியிலிருந்து ஒரு குமிழி பிரிந்து
மேலே போய் உடைந்தது.
பிறகு ஒன்று.
இலை மூச்சு விடுகிறது என்று சொல்ல வாயெடுத்துச்
சொல்லாமல் விட்டேன்.
ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்:
உங்கள் வீட்டில் தினமும் எப்போது விடியும்?
மூன்றுக்கு.
ஒன்பதுக்கு அஸ்தமனம்.

மறுநாள் மூன்றடிக்க ஐந்து நிமிடம்.
கீழிருந்து ஒரே ஒரு தட்டு.
நான் குதிகாலால் தரையை ஒருமுறை தட்டினேன்.
படியில் செருப்புச் சத்தம்.

இன்று ஊர் முழுக்க
குன்றின்மேல் நிற்கிறது, சூரியனைப் பார்க்க.
க்ளெப்பும் போயிருக்கிறான்.
குழாயில் ஊதா இல்லை.
இரண்டு தடவை சோதித்தேன், இல்லை.
கிரிப்டோகோரைன் இருந்த இடத்தில்
செம்பு நிறத்தில் சுருண்ட ஒன்று,
இலையா, நத்தையின் எச்சமா,
கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும்.

மீன் இன்னும் வாங்கவில்லை.
விரிசல் அதே இடத்தில்தான் நிற்கிறதாம்.
ஒரே கோட்டின்மேல்
தேதிகள்தான் கூடிக்கொண்டே போகின்றன என்று
குறைபட்டுக்கொள்கிறாள் ஸினயீதா,
எழுத இடமில்லையாம்.